விண்வெளி விளையாட்டில் வெற்றி எது?



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பழைய நினைவுகளைத்தான். விடுதிச் சாப்பாடு, யானைமலை ஏறியது, சேற்றில் இறங்கி நாற்று நட்டது இவற்றையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். விண்வெளி வரலாற்றைச் சொல்லித்தரும் ஒரு வீடியோ கேமை எப்படி அமைப்பது என்பதே அது. "வேளாண்மை படிச்சவனுக்கு வீடியோ கேம்ல என்னய்யா வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் படித்தவன். ஒருநாள் அவனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். "மாமா, ராக்கெட் கதைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேமா போடலாம்னு இருக்கோம். வரலாத்த மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றான். நான் நம் கல்லூரியில் சேர்ந்தது 1975-இல். அந்த ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதிதான் நம் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா ஏவப்பட்டது. அன்று தொடங்கி விண்வெளிச் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பது என் பழக்கம். அந்த நோட்டுகளை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். வரலாறு எழுதித் தருவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்த முதல் நாளே ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது என்றால் என்ன?

அதற்கு விடை தேடி, இதற்குமுன் வந்த விளையாட்டுகளின் வரலாற்றையும் புரட்ட வேண்டியதாயிற்று.

தானியக் கிடங்கில் பிறந்த விளையாட்டு

வரலாறு சொல்லித்தருவதற்கென்று கம்ப்யூட்டரில் அமைந்த ஆரம்பகால விளையாட்டுகளில் முக்கியமானது எதைப் பற்றியது தெரியுமா? நெல்லும் வயலும் போல, தானியமும் நிலமும்தான்! 1964-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த மேபெல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தாரின் உதவியோடு 'சுமேரியன் கேம்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். மாணவர்தான் பழைய சுமேரியாவின் லகாஷ் நகரத்து அரசர். விளைந்த தானியத்தில் குடிமக்களுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று அவர் முடிவு செய்ய வேண்டும். படம் ஒன்றும் கிடையாது. டைப்ரைட்டர் போன்ற எந்திரம் அறிக்கையை அச்சடித்துக் கொடுக்கும். விதை நெல்லைத் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த எந்திரம் சொல்லித்தந்தது.

1971-இல் மினசோட்டாவில் பயிற்சி ஆசிரியர்கள் மூன்று பேர் 'ஆரிகான் டிரெயில்' என்ற விளையாட்டை வரலாற்று வகுப்புக்காக எழுதினார்கள். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போன குடும்பங்களின் கதை அது. எருது வாங்க எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கையில் இருக்கும் பணத்தைப் பிரிக்க வேண்டும். வழியில் நோயும் வரும், வண்டியும் உடையும்.

இந்த இரண்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. வரலாற்று விளையாட்டு என்பது தேதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதன்று. அன்று இருந்தவர்களுக்கு முன்னால் என்ன இருந்தது, எதில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான்.

நிலாவில் இறங்கிய பள்ளி மாணவர்

விண்வெளிக்கும் வீடியோ கேமுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தில் இரண்டு விண்கலங்கள் ஒரு நட்சத்திரத்தின் ஈர்ப்புக்குள் சுற்றிக்கொண்டே சண்டை போடும். பின்னணியில் தெரியும் நட்சத்திரங்களை இஷ்டத்துக்குப் புள்ளி வைக்காமல், பீட்டர் சாம்சன் என்ற நண்பர் உண்மையான வானத்தைப் பார்த்தே அமைத்தார். விளையாட்டுதானே என்று அவர் விட்டுவிடவில்லை.

அடுத்து 1969. ஜூலை 20-ஆம் தேதி மனிதன் நிலாவில் இறங்கினான். சில மாதங்களுக்குள் ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர், தம் பள்ளிக்குக் கிடைத்த கம்ப்யூட்டரில் நிலாவில் இறங்கும் ஆட்டம் ஒன்றை எழுதிவிட்டார். பத்து வினாடிக்கு ஒருமுறை உயரம், வேகம், மீதி எரிபொருள் ஆகியவற்றை அது அச்சடிக்கும். எவ்வளவு எரிக்கலாம் என்று நாம் எண்ணைத் தட்ட வேண்டும். அதிகம் எரித்தால் கடைசியில் எரிபொருள் இருக்காது. குறைத்து எரித்தால் மோதி நொறுங்குவோம். அந்தக் கணக்கில் ஓரிடத்தில் 2-ஆல் வகுக்காமல் விடுபட்டிருந்தது 2024-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. 55 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை! 1979-இல் அடாரி நிறுவனம் இதே கருத்தைக் காசு போட்டு ஆடும் எந்திரமாக்கியது. கூடுதலாகக் காசு போட்டால் கூடுதல் எரிபொருள்.

அதே 1969-இல் நம் நாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15-இல் இஸ்ரோ அமைக்கப்பட்டது. செப்டம்பரில், செயற்கைக்கோள் மூலம் கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டும் சோதனைக்கு அமெரிக்காவின் நாசாவுடன் ஒப்பந்தம் ஆனது. ஓர் ஊரில் பிள்ளைகள் நிலாவில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தபோது, இன்னோர் ஊரில் பெரியவர்கள் கிராமத்துச் சாவடியில் ஒரு டி.வி. பெட்டி வைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்தயமாகிப் போன கதை

விண்வெளி வரலாற்றையே பொருளாகக் கொண்டு வந்த பெரிய விளையாட்டு 1993-இல் வெளியான 'பஸ் ஆல்ட்ரின்ஸ் ரேஸ் இன்டு ஸ்பேஸ்'. ஃபிரிட்ஸ் பிரானர் என்பவர் அட்டையில் ஆடும் விளையாட்டாக முதலில் அமைத்ததை, பிறகு கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தார்கள். ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத் நாடு. ஆட்டம் 1957-இல் தொடங்கும். ஒவ்வொரு முறையும் அரையாண்டு நகரும். ராக்கெட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 'இத்தனை சதவீதம் நம்பலாம்' என்று ஓர் எண் உண்டு. பணமும் ஆராய்ச்சியும் போட்டால் அந்த எண் ஏறும். அவசரப்பட்டு ஏவினால் வீரர்கள் இறப்பார்கள். மிக நேர்மையான அமைப்பு என்றே சொல்வேன். ஆனால் வெற்றி ஒன்றுதான்: நிலாவுக்கு முதலில் போய்த் திரும்ப வேண்டும்.

2011-இல் முதன்முதலில் வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' மெக்சிகோ நாட்டில் உருவானது. கற்பனைக் கிரகத்துப் பச்சை மனிதர்கள் ராக்கெட் கட்டுவார்கள். வரலாறு அதில் இல்லை, ஆனால் சுற்றுப்பாதைக் கணக்கு அபாரம். என் மருமகன் அதில்தான் ராக்கெட் பாடம் கற்றேன் என்கிறான்.

இவை எல்லாம் நல்ல விளையாட்டுகள்தான். ஆனால் நம் பிள்ளை ஒருவன் இவற்றை விளையாடி முடித்தால், விண்வெளி என்பது இரண்டு பணக்கார நாடுகள் ஓடிய ஓட்டப் பந்தயம், நாம் கைதட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றோம் என்றுதான் நினைப்பான். அது உண்மையன்று என்பதை என் நோட்டுகள் சொல்கின்றன.

தென்னை மரத்தில் தொடங்கிய கதை

திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள தும்பா மீனவர் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடம் கிடையாது. மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் ஆயர் இல்லத்தையும் ஊர் மக்கள் விட்டுக் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது. அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பின்னர் சோவியத் நாடும் கம்ப்யூட்டர் முதலிய உதவிகள் செய்தது. பந்தயத்தில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நம் கடற்கரையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள்! 1968 பிப்ரவரியில் அந்தத் தளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

டாக்டர் விக்ரம் சாராபாய் இதில் தெளிவாக இருந்தார். நிலாவுக்கு ஆள் அனுப்பிப் பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது நம் கனவன்று, மக்களுடைய கஷ்டத்துக்கு இந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களாக இருக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. 1971 டிசம்பர் 30-இல் அவர் காலமானார். தாம் போட்ட விதை முளைத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் விவசாயப் பட்டதாரிகள் அறிய வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்து ஆராயும் தொலையுணர்வு முறை நம் நாட்டில் தொடங்கியது எதில்? தென்னையில். 1970-இல் கேரளத்துத் தென்னந்தோப்புகளில் வேர்வாடல் நோய் பரவிக்கொண்டிருந்தது. பேராசிரியர் பி.ஆர். பிஷாரடியும் குழுவினரும் ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் ஃபிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நல்ல இலை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். நோய்ப்பட்ட இலை அந்த அளவுக்கு அனுப்பாது. அந்தப் படத்தில் நல்ல மரம் சிவப்பாகத் தெரியும், நோய் கண்ட மரம் நிறம் மங்கித் தெரியும்.

அடுத்து, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டி.வி. நிகழ்ச்சிகள் போயின. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையில் செய்த ஆண்டெனா! விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம் இவைதான் நிகழ்ச்சிகள். நம் மாநிலம் அந்த ஆறில் இல்லை. ஆனால் பின்னால் நாம் பார்த்த வயலும் வாழ்வும் போன்ற நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோட்டம்.

1988 மார்ச் 17-இல் சோவியத் ராக்கெட்டில் ஏறியது ஐ.ஆர்.எஸ்.-1ஏ. அதன் ஒரு காமிராவில் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். ஏக்கரில் சொன்னால் சுமார் 1.3 ஏக்கர். ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள சிறு விவசாயி ஒருவரின் மொத்த நிலமும் அந்தப் படத்தில் ஒரே ஒரு புள்ளி!

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தபோது என் மருமகன் தலையைச் சொறிந்தான். "மாமா, தென்ன மரத்த எவன் மாமா வெளையாடுவான்? ராக்கெட் நெருப்பக் கக்குனாத்தான் பசங்க உக்காருவாங்க."

"டேய், தோப்புக்காரன் அண்ணாந்து பாத்துத் தெரியாதத நீ மேல இருந்து கண்டுபிடிக்கிற. அது வெளையாட்டு இல்லையா?" என்றேன். அரைமனதாக ஒப்புக்கொண்டான். இன்று அந்த ஆட்டத்தின் இரண்டாம் கட்டம் தென்னந்தோப்புதான். குறைந்த ஃபிலிம், குறைந்த பறக்கும் நேரம். எந்தத் தோப்பை எடுப்பது என்று ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும்.

பரமபதமும் ராக்கெட்டும்

கம்ப்யூட்டரில் எழுதுமுன் காகிதத்தில் ஆடிப் பார்ப்பது நல்லது என்றார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி நாம் கண்விழித்து ஆடும் பரமபதத்தையே மாதிரியாக வைத்தேன். ஏணி வெற்றி, பாம்பு தோல்வி. தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்தோம். ஆடும்போதுதான் அது பொருந்தவில்லை என்று புரிந்தது. பரமபதத்தில் பாம்பு கொத்தினால் சும்மா கீழே வருவோம். ராக்கெட் வரலாற்றில் யாரும் வெறுங்கையோடு கீழே வரவில்லை.

1979 ஆகஸ்ட் 10-இல் அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கசிந்ததே காரணம். ஓராண்டுக்குள், 1980 ஜூலை 18-இல், அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஏ.எஸ்.எல்.வி. 1987-இலும் 1988-இலும் தோற்று 1992-இல் வென்றது. பி.எஸ்.எல்.வி. 1993-இல் தோற்று 1994-இல் வென்றது. கிரையோஜெனிக் எஞ்சின் கதை இன்னும் நீளம். 1991-இல் சோவியத் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் தொழில்நுட்பம் தருவதை ரஷ்யா நிறுத்திக்கொண்டது. நாமே செய்த எஞ்சின் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரி 5-இல் ஜெயித்தது. இதற்காக ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடந்தது நம் தென்கோடி மகேந்திரகிரியில்.

சந்திரயான்-2-இன் லேண்டர் 2019 செப்டம்பர் 7 அதிகாலை நிலாவில் மோதியது. வேகத்தைக் குறைக்கும் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. பிழை சேர்ந்துகொண்டே போனது. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டர் சதுரம் என்று குறுகலாக இருந்தது. அடுத்த முறை இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். எது எது கெட்டுப்போகலாம் என்று முதலில் பட்டியல் போட்டு அதற்கேற்ப அமைத்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு மெல்ல இறங்கியது.

ஆகவே எங்கள் ஆட்டத்தில் 'கேம் ஓவர்' என்ற பலகை கிடையாது. ராக்கெட் விழுந்தால் ஆய்வு அறிக்கை ஒன்று திறக்கும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் அடுத்த ராக்கெட்டின் நம்பகம் ஏறும். தேடாமல் அவசரப்பட்டால் அதே இடத்தில் மறுபடியும் விழும்.

இதிலே ஒரு சிக்கல் வந்தது. காகிதத்தில் ஆடிய எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "தாத்தா, நான் அந்த வால்வ முன்னாடியே மாத்திட்டா 1979-லயே ராக்கெட் போயிருமே. அப்ப நெசமா நடந்தது பொய்யா?" மூன்று கம்ப்யூட்டர்காரர்களுக்கும் எனக்கும் தோன்றாத கேள்வி! ஆட விட்டால் வரலாறு மாறிப்போகும். வரலாற்றை மாற்றக்கூடாது என்றால் ஆட்டமே இருக்காது. கடைசியில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இரண்டு பத்தி வைத்தோம். ஒன்று 'உன் ஆட்டம்', மற்றது 'நடந்தது'. இரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஏன் என்று பிள்ளையே ஒப்பிட்டுக்கொள்ளலாம். 'நடந்தது' பத்தியில் என் நோட்டில் உறுதியாக உள்ளது மட்டுமே வரும் என்பது என் நிபந்தனை.

நம் மண்ணும் அதில் உண்டு

லேண்டரைச் சோதிக்க நிலா மண் வேண்டும். அதற்குப் போன கல் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறை. நிலாவின் மேட்டுப் பகுதிப் பாறைக்கு அது ஒத்துப்போகிறது. டன் கணக்கில் பொடியாக்கிக் கொண்டுபோய்ப் பரப்பி இறங்கிப் பார்த்தார்கள். சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர். பக்கத்தில் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவிகள், நாடெங்கும் 750 மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டில் பங்கெடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 7-இல் அதைச் சுமந்த ராக்கெட் சரியான பாதையில் விடவில்லை. 2023 பிப்ரவரி 10-இல் இரண்டாம் முயற்சி வென்றது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்குக் கடல்தான். இதைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். விளையாட்டில் இரண்டு இடத்திலிருந்தும் ஏவிப் பார்க்கச் சொன்னால், எரிபொருள் முள் இறங்குவதைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

வெற்றிக்கு அளவு

பாதி வேலை முடிந்தபோது பணம் போட ஒருவர் முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "தென்னந்தோப்பு, டி.வி. பெட்டி இதெல்லாம் எடுத்துருங்க. இந்தியாவா சீனாவா, யார் முந்துறான்னு போடுங்க. பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார். சின்னத் தொகையன்று. மூன்று பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறுகளில் இதைச் செய்கிறவர்கள். ஒரு வாரம் யோசித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் காசு, அவர்கள் உழைப்பு. அடுத்த ஞாயிறு மருமகன் வந்து, "வேணாம்னு சொல்லிட்டோம் மாமா. அந்தக் கேம் ஏற்கெனவே 1993-ல வந்துருச்சு. நம்ம கதைய நாமளும் போடலைன்னா வேற யாரு போடுவா?" என்றான். பணம் போயிற்று. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

வெற்றியின் அளவுகோலை இப்படி வைத்திருக்கிறோம். ராக்கெட் மேலே போனால் பாதி மதிப்பெண். அது சுமந்து போனது கீழே யாருக்காவது போய்ச் சேர்ந்தால் மீதி. புயல் எச்சரிக்கை கடற்கரைக்கு வந்ததா, பயிரின் நோய் முன்கூட்டித் தெரிந்ததா, கிராமத்து டி.வி. பெட்டி வேலை செய்ததா என்பதெல்லாம் கணக்கில் வரும். நிலாவும் உண்டு, செவ்வாயும் உண்டு. அவற்றைப் பார்த்து நானும் உங்களைப் போலவே பூரித்தவன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி இதுதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இன்றைய மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். பயிர் நோய்களை இலையில் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். நெல், தென்னை, வாழை இவற்றில் எந்த நோய் மேலிருந்து எப்படித் தெரியும் என்பதை எளிய தமிழில் நாலு வரியாக எழுதிக் கொடுத்தால் ஆட்டத்தில் அடுத்தடுத்த கட்டங்கள் சேரும். வறட்சி, பயிர்க் காப்பீடு ஆகியவற்றில் செயற்கைக்கோள் படங்களை வைத்து வேலை பார்த்த மூத்த நண்பர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் 'நடந்தது' பத்தி இன்னும் கனமாகும்.

சந்திப்பு நாளன்று பிற்பகலில் இருபது நிமிடம் ஒதுக்கித் தரும்படி விழாக் குழுவினரைக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு கட்டங்களான தும்பாவும் தென்னந்தோப்பும் மருமகனுடைய போனில் ஓடுகின்றன. பேரன் பேத்திகளையும் அழைத்து வாருங்கள். ஆடிப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.